நல்ல கைக்கு உறை, வாதக் கைக்கு வேலை: சி.ஐ. தெரபி பயிற்சிக்கு வருபவர்கள் கேட்பவை

பக்கவாதத்தில் பாதிக்கப்பட்ட கையைத் திரும்ப வேலைக்குக் கொண்டுவரும் சிகிச்சை முறைகளில் ஒன்று சி.ஐ. தெரபி (கன்ஸ்ட்ரெயின்ட் இன்டியூஸ்டு தெரபி). நல்ல கையின் உபயோகத்தைக் கட்டுப்படுத்தி, வாதக் கையைப் பயன்படுத்த வைப்பது இதன் வழி. பிசியோதெரபிஸ்டுகளுக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளுக்கும் இதைச் சில ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். ஒவ்வொரு பேட்சிலும் முகம்தான் மாறுகிறது, சந்தேகம் மாறுவதில்லை. டீ இடைவேளையிலும் ராத்திரி வாட்ஸ்அப்பிலும் வந்த கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே போட்டிருக்கிறேன்.

1. மேடம், சி.ஐ. தெரபின்னா நல்ல கையைக் கட்டிப் போடறதுதானே?

அது மூன்றில் ஒரு பங்கு. முதல் பங்கு உறை: விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம் நல்ல கையில் தடித்த உறை இருக்க வேண்டும் என்பது மூல முறை. இரண்டாவது, தொடர்ந்து இரண்டு வாரம், வேலை நாட்களில் மட்டும், தினம் பல மணி நேரப் பயிற்சி. ஆரம்பத்தில் 6 மணி நேரம் வைத்திருந்தார்கள், பிறகு 3 மணி நேரமும் போதும் என்று குறைத்தார்கள். மூன்றாவது, சென்டரில் வந்த அசைவை வீட்டுக்குக் கொண்டுபோக வைக்கும் ஏற்பாடுகள். ஒப்பந்தம், டைரி, தினசரி விசாரிப்பு எல்லாம் இதில் அடக்கம்.

போட்டோவில் தெரிவது உறை மட்டும்தான். அதனால் எல்லோரும் அதையே பிடித்துக்கொள்கிறார்கள். உறையை மாட்டிவிட்டு மற்ற இரண்டையும் விட்டுவிட்டால், நோயாளிக்கு நீங்கள் கொடுத்தது இரண்டு வாரத் தொந்தரவு மட்டும்தான்.

இன்னொன்று: கட்டிப் போடுவது என்ற பேச்சே வேண்டாம். முன்பு தூளியில் போட்டுக் கையைக் கட்டினார்கள். தடுமாறினால் ஊன்றக் கை வேண்டும் என்பதால் உறைக்கு மாறினார்கள். உறையில் விரல்தான் அடங்கியிருக்கும், கை சுதந்திரமாக இருக்கும்.

2. கை வராதது மூளையில நரம்பு செத்ததாலதானே? பழக்கத்தால எப்படி கை நிக்கும்?

இரண்டும்தான். எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க உளவியலாளர் குரங்குகளின் ஒரு கையிலிருந்து தண்டுவடத்துக்குப் போகும் உணர்வு நரம்புகளை மட்டும் வெட்டினார். இயக்க நரம்பு அப்படியே இருந்தது. ஆனாலும் குரங்கு அந்தக் கையைப் பயன்படுத்தவில்லை. நல்ல கையைக் கட்டியதும் பயன்படுத்த ஆரம்பித்தது. முதல் நாட்களில் முயற்சி செய்து தோற்றதால் ‘இந்தக் கை வேண்டாம்’ என்று அது கற்றுக்கொண்டுவிட்டது என்றார் டாப். கற்றுக்கொண்ட பயன்படுத்தாமை என்பது இதுதான். (அந்தக் குரங்குகளை நடத்திய விதம் பற்றி 1981இல் பெரிய வழக்கு நடந்தது. முதலில் அவருக்கு எதிராகத் தீர்ப்பு வந்து, மேல்முறையீட்டில் ரத்தானது. பிறகுதான் அலபாமா பல்கலைக்கழகத்தின் பர்மிங்ஹாம் வளாகத்துக்குப் போய் மனிதர்களுக்கான சிகிச்சையை வளர்த்தார். இந்தச் சிகிச்சையின் வேர் அவ்வளவு சுத்தமானது இல்லை என்பதையும் மாணவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.)

நம் வார்டில் இதைத் தினமும் பார்க்கலாம். ஸ்ட்ரோக் வந்த மூன்றாம் நாள் வாதக் கையால் டம்ளரை எடுக்கப் பார்க்கிறார், காபி சட்டையில் கொட்டுகிறது. பக்கத்தில் நிற்கும் மகள், ‘அப்பா, அந்தக் கைய விடுங்க’ என்கிறாள். நல்ல கையில் எடுத்தால் வேலை முடிகிறது. மூளை ஆறத் தொடங்கி, கையில் கொஞ்சம் அசைவு வந்த பிறகும் அவர் அந்தக் கையிடம் வேலை கேட்பதே இல்லை. உங்கள் வேலை, அந்தக் கையால் என்ன முடியும் என்பதற்கும் அது வீட்டில் என்ன செய்கிறது என்பதற்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தை மூடுவது.

3. அப்போ எல்லா ஸ்ட்ரோக் பேஷன்ட்டுக்கும் போடலாமா?

போட முடியாது. கையில் கொஞ்சமாவது விரியும் அசைவு வேண்டும். பெரிய ஆய்வுகளில் வைத்த குறைந்தபட்ச அளவு: மணிக்கட்டைப் பின்னால் 10 டிகிரி நீட்ட வேண்டும், கட்டைவிரலை 10 டிகிரி விரிக்க வேண்டும், இன்னும் இரண்டு விரலையாவது 10 டிகிரி நீட்ட வேண்டும். கோணம் அளக்கும் கோனியோமீட்டர் கையில் இல்லையென்றால், மேஜை மேல் ஒரு துணியைப் போடுங்கள். எப்படியாவது பிடித்துத் தூக்கி, விடச் சொல்லுங்கள். பிடிப்பதைவிட விடுவதைப் பாருங்கள். விட முடியாதவருக்கு மூன்று மணி நேரப் பயிற்சி சித்திரவதை.

உறை போட்டு நடக்கும் அளவுக்கு நிலையாக நிற்க முடியுமா, சொல்வது புரிகிறதா, தோள்பட்டையில் கடும் வலி இருக்கிறதா என்பதும் பார்க்க வேண்டும். பேச்சு போனவரை அந்த ஒரே காரணத்துக்காகத் தள்ளாதீர்கள். படம் போட்டு ஒப்பந்தம் எழுதி நன்றாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள்.

4. இதுக்கு ஆதாரம் என்ன? டாக்டர் கேட்டா என்ன சொல்றது?

எக்ஸைட் என்ற ஆய்வைச் சொல்லுங்கள். அமெரிக்காவில் 7 இடங்களில், ஸ்ட்ரோக் வந்து 3 முதல் 9 மாதம் ஆன 222 பேரிடம் நடந்தது, 2006இல் வெளியானது. கையால் செய்யும் வேலைகளுக்கு நேரம் பார்க்கும் உல்ஃப் சோதனையில் ஒரு வேலையை முடிக்க ஆன சராசரி நேரம், சி.ஐ. தெரபி எடுத்தவர்களுக்கு ஓராண்டில் 19.3 நொடியிலிருந்து 9.3 நொடிக்கு வந்தது. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களுக்கு 24.0இலிருந்து 17.7.

எதிர்த்தரப்பு வழக்கமான கவனிப்பில் இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். அதே அளவு மணி நேரம் வேறு பயிற்சி கொடுத்து ஒப்பிட்ட ஆய்வு இல்லை அது. டாக்டர் அதைக் கேட்பதற்கு முன்பே நீங்கள் சொல்லிவிட்டால் அவர் உங்களை நம்புவார்.

5. சீக்கிரம் ஆரம்பிச்சா இன்னும் நல்லாத்தானே இருக்கும்? வார்டுலயே உறை மாட்டிடலாமா?

வேண்டாம். வெக்டர்ஸ் என்ற ஆய்வு 2009இல் வந்தது, 52 பேர். ஸ்ட்ரோக் வந்த முதல் வாரங்களிலேயே தினம் 3 மணி நேரமும் 90 சதவீத உறையும் வாங்கியவர்கள், மிதமான அளவு வாங்கியவர்களைவிட 90ஆம் நாளில் பின்தங்கியிருந்தார்கள். ‘அதிகம் கொடுத்தால் அதிகம் வரும்’ என்ற நம் நம்பிக்கைக்கு நல்ல குட்டு.

எதிர்ப்பக்கமும் ஒரு தவறு நடக்கிறது. ஆறு மாதம் தாண்டிவிட்டால் ‘வர்றது வந்தாச்சு’ என்று எழுதி அனுப்பிவிடுகிறோம். டாப்பின் முதல் நோயாளிகள் எல்லாம் ஓராண்டு தாண்டியவர்கள். காலம் போனதை வைத்து யாரையும் ஒதுக்காதீர்கள், 3ஆம் கேள்வியின் துணியை வைத்து முடிவு செய்யுங்கள்.

6. நாங்களும் தினம் கைக்கு எக்சர்சைஸ் குடுக்கறோமே, என்ன வித்தியாசம்?

எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? அமெரிக்காவிலும் கனடாவிலும் தெரபி நேரங்களில் உட்கார்ந்து எண்ணிய ஆய்வு ஒன்று 2009இல் வந்தது. கையால் செய்யும் உபயோகமான அசைவு ஒரு செஷனுக்குச் சராசரியாக 32தான். விலங்கு ஆய்வுகளில் மூளையில் மாற்றம் தெரிந்தது அசைவு நூற்றுக்கணக்கில் இருந்தபோது.

பயிற்சியின் இரண்டாம் நாள் நான் ஆளுக்கு ஒரு கவுண்டர் கொடுப்பேன். கோயில் வாசலில் ஜபம் எண்ண விற்கிறார்களே, விரலில் மாட்டுவது, அதுதான். ஒருவர் சிகிச்சை தருவார், இன்னொருவர் ஓரமாக நின்று அமுக்குவார். நோயாளி தானே கையை நகர்த்தினால்தான் ஒரு எண்ணிக்கை. தெரபிஸ்ட் பிடித்து நகர்த்தினால் இல்லை, வாய்ப்பேச்சுக்கும் இல்லை. பத்து வருட அனுபவம் உள்ளவர் ஒருவர் 45 நிமிடம் முடித்து நிமிர்ந்தார், கவுண்டரில் 19. ‘கவுண்டர் ரிப்பேரா இருக்கும்’ என்றார். பேட்டரி நன்றாகத்தான் இருந்தது.

7. ‘ஷேப்பிங்’னு சொல்றீங்களே, அது சாதாரண டாஸ்க் பிராக்டிஸ்தானே?

டாஸ்க் பிராக்டிஸ் என்றால் துணி மடிப்பது, கீரை ஆய்வது மாதிரி பதினைந்து இருபது நிமிடம் தொடரும் வேலை. அதுவும் உண்டு. ஷேப்பிங் வேறு. ஒரு சின்ன வேலை, 30 நொடி, பத்து தடவை. ஒவ்வொரு தடவையும் எண்ணிக்கையை உடனே சொல்ல வேண்டும்.

பல்லாங்குழியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் குழியில் பத்து புளியங்கொட்டை. அடுத்த குழிக்கு 30 நொடியில் எத்தனை மாற்ற முடிகிறது? 4. ‘நாலுங்கய்யா, இன்னொரு தடவை.’ 4, 5, 5, 6. பத்து தடவை முடிந்து 7 நிலையாக வந்ததா, இப்போது ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பலகையை ஒரு சாண் தள்ளி வைக்கலாம். அல்லது இரண்டு குழி தாண்டிப் போடச் சொல்லலாம். அல்லது புளியங்கொட்டைக்குப் பதில் வழுக்கும் சோழி. மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எண்ணிக்கை 1க்கு விழும், அவர் முகமும் விழும். எது கடினமாயிற்று என்று உங்களுக்கும் தெரியாது.

புதிதாக வருபவர்கள் பண்ணும் பெரிய தவறு, ‘சூப்பர் சூப்பர்’ என்று சொல்லிக்கொண்டே இருப்பது. ‘போன தடவை 6, இப்ப 8’ என்பதுதான் பாராட்டு. அதற்கு மேல் வாயை மூடிக்கொண்டிருக்கப் பழகுவது எனக்கே ஒரு வருடம் பிடித்தது.

8. கையெழுத்துப் போட்டு ஒப்பந்தமா? நம்ம ஊர் ஆளுங்க பயந்துருவாங்க மேடம்.

பத்திரம் மாதிரி நீட்டினால் பயப்படத்தான் செய்வார்கள். ஒரு நோட்டுத் தாளில், காலை எழுந்ததிலிருந்து படுக்கும் வரை அவர் செய்யும் வேலைகளைக் கேட்டுக் கேட்டு எழுதுங்கள். பக்கத்தில் மூன்று கட்டம்: வாதக் கை மட்டும், இரண்டு கையும், உறையைக் கழற்றி நல்ல கை. குளியல், கழிவறை, படி இறங்குவது, அடுப்பு, கொதிக்கிற காபி எல்லாம் மூன்றாவது கட்டத்துக்குப் போகும். கேட் திறப்பது, லைட் சுவிட்ச், டி.வி. ரிமோட், சாமிக்குப் பூ போடுவது முதல் கட்டத்தில். வீட்டில் கூட இருப்பவரும் கையெழுத்துப் போடுவார்.

இந்த ஒப்பந்தம், டைரி, தினசரி விசாரிப்பு ஆகியவற்றை அலட்சியம் செய்யாதீர்கள். டாப்பின் பர்மிங்ஹாம் குழு 2008இல் வெளியிட்ட ஸ்கேன் ஆய்வில், ஒரே அளவு பயிற்சி பெற்ற இரு குழுக்களில் இந்த ஏற்பாடுகளும் சேர்ந்து கிடைத்தவர்களுக்குத்தான் அன்றாட உபயோகம் அதிகம் கூடியது. மூளையின் சாம்பல் நிறப் பகுதி கூடியதும் அவர்களுக்குத்தான்.

என் முதல் நோயாளியிடம் இதை நான் விட்டுவிட்டேன். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், வலது கை. சென்டரில் சில்லறையைச் சரசரவென்று எண்ணிப் போட்டார். இரண்டு வாரம் கழித்து நான் பெருமையாக வீட்டுக்குப் போனேன். வாசலில் பால்காரருக்கு இடது கையால் காசு கொடுத்துக்கொண்டிருந்தார். வலது கை பாக்கெட்டுக்குள் இருந்தது.

9. வாதம் வந்தது இடது கைன்னா? இடது கையால சாப்பிடச் சொல்ல முடியுமா?

அமெரிக்கப் புத்தகத்தில் இதற்குப் பதில் கிடையாது, ஏனென்றால் அங்கே இது கேள்வியே இல்லை. நான் கட்டாயப்படுத்துவதில்லை. சாப்பாட்டை 8ஆம் பதிலின் மூன்றாவது கட்டத்தில் போட்டுவிடுவேன். அந்த நேரத்தில் இடது கைக்கு வேறு வேலை: தட்டைப் பிடிப்பது, தண்ணீர் டம்ளரை எடுப்பது, அப்பளத்தை நொறுக்குவது. ஒரு பாட்டி, ‘முறுக்குன்னா பரவால்ல, சோறுன்னா முடியாது’ என்று எல்லையை அவரே வகுத்தார். முறுக்கு முதல் கட்டத்துக்குப் போனது.

காசு கொடுப்பது, பிரசாதம் வாங்குவது, பெரியவர்களுக்கு எதையாவது நீட்டுவது எல்லாம் இதே வகை. இதில் வாதாடி ஜெயித்தால் நோயாளியை இழந்துவிடுவீர்கள். வலது கை வாதக்காரருக்கு நிலைமை தலைகீழ். கரண்டியை விட்டுக் கையால் சாப்பிட வேண்டும் என்ற ஆசையைவிடப் பெரிய உந்துதல் எதையும் நான் பார்த்ததில்லை. அவருக்கு முதல் நாளே தயிர்சாதம்.

10. எம்.ஏ.எல். கேட்டா எல்லாத்துக்கும் நாலு, அஞ்சுன்னு சொல்றாங்க. நம்பறதா?

எம்.ஏ.எல். (மோட்டார் ஆக்டிவிட்டி லாக்) என்பது 30 அன்றாட வேலைகளுக்கு, வாதக் கையை எவ்வளவு பயன்படுத்தினார், எவ்வளவு நன்றாகப் பயன்படுத்தினார் என்று 0 முதல் 5 வரை கேட்டுப் பதிவது. நோயாளிக்கு உங்கள்மேல் மரியாதை இருக்கிறது, அதனால் மார்க் போடுகிறார். ‘எத்தனை?’ என்று கேட்காதீர்கள். ‘நேத்து சாயந்திரம் கதவைத் திறந்தீங்களே, எந்தக் கை? நாதாங்கி எந்தப் பக்கம்? அப்ப இன்னொரு கையில என்ன இருந்துச்சு?’ என்று கேளுங்கள். மூன்றாவது கேள்வியில் உண்மை வந்துவிடும். கூட இருப்பவரைத் தனியாகக் கேளுங்கள்.

பட்டியலில் சாக்ஸ் போடுவது, கழற்றுவது, சாண்ட்விச் சாப்பிடுவது எல்லாம் இருக்கும். வாழ்நாளில் சாக்ஸ் போடாதவரிடம் அதைக் கேட்டு 0 போட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. பொருந்தாததைப் பொருந்தாது என்று குறித்துக் கணக்கிலிருந்து நீக்குங்கள். வேட்டி கட்டுவது, தலை பின்னுவது போன்றவற்றை டைரியில் தனியாக எழுதுங்கள், ஆனால் மொத்தத்தில் கூட்டாதீர்கள். கூட்டினால் முன்பின் ஒப்பிட முடியாது.

11. நான் பாபாத் கோர்ஸ் முடிச்சவன். அதை விட்டுட்டு வரணுமா?

பெர்தா பாபாத்தும் கணவர் கரேலும் லண்டனில் வளர்த்த முறையில், நோயாளியின் உடலைப் பார்க்கவும் தொட்டு உணரவும் நீங்கள் நன்றாகக் கற்றிருப்பீர்கள். அது வீண்போகாது. தோள்பட்டை எங்கே ஏமாற்றுகிறது, உடம்பு எப்படிச் சாய்ந்து ஈடுகட்டுகிறது என்பது பாபாத் படித்தவர்களுக்குத்தான் முதலில் தெரிகிறது.

தகராறு இரண்டு இடத்தில். அசைவு அழகாக வரும்வரை பொறுங்கள் என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். இங்கே கோணலாக இருந்தாலும் வேலை நடக்கட்டும், ஷேப்பிங்கில் சரிசெய்யலாம் என்கிறோம். இரண்டாவது, உங்கள் கை. கவுண்டர் வைத்துப் பார்த்தால், பாபாத் பழக்கத்தில் நோயாளியின் முழங்கையைத் தாங்கிக்கொண்டே இருப்பவர்களின் எண்ணிக்கைதான் குறைவாக வருகிறது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உட்காருங்கள் என்று சிலரிடம் சொல்லியே இருக்கிறேன். மற்றபடி, கை உபயோகத்தில் மற்ற முறைகளைவிட பாபாத் மேல் என்று ஆய்வுத் தொகுப்புகள் காட்டவில்லை. கோர்ஸுக்குக் கட்டிய காசை நினைத்து இதற்காகச் சண்டைக்கு வராதீர்கள்.

12. எங்க ஓ.பி.யில ஒரு பேஷன்ட்டுக்கு இருபது நிமிஷம். மூணு மணி நேரத்துக்கு எங்க போறது?

நியாயமான கேள்வி. ஸ்டீபன் பேஜ் என்பவர் இதற்காகவே ஒரு மாற்று முறையைச் சோதித்தார்: வாரம் மூன்று நாள் அரை மணி நேரத் தெரபி, வேலை நாட்களில் தினம் 5 மணி நேரம் உறை, மொத்தம் 10 வாரம். நம் ஓ.பி.க்கு இது கிட்டத்தட்ட பொருந்தும். உறை போடும் 5 மணி நேரத்தை நோயாளி வீட்டில் சுறுசுறுப்பாக இருக்கும் நேரமாகத் தேர்ந்தெடுங்கள். மதியத் தூக்கத்தில் உறை போட்டு டைரியில் 5 மணி என்று எழுதி வந்தவர் உண்டு.

நேரத்தைக் குறைக்கலாம், டைரியையும் விசாரிப்பையும் குறைக்கக் கூடாது. இருபது நிமிடத்தில் ஐந்து நிமிடம் டைரிக்கே போகட்டும். நீங்கள் கொடுப்பது மாற்றியமைத்த வடிவம் என்பதை ஃபைலில் எழுதிவையுங்கள்.

13. வீட்டுக்காரங்களுக்குச் சொல்லிக் குடுத்தா அவங்களே பாத்துக்க மாட்டாங்களா?

இந்தியாவிலேயே இதைச் சோதித்திருக்கிறார்கள். அட்டெண்ட் ஆய்வு, 14 மருத்துவமனைகள், 1,250 நோயாளிகள், 2017இல் வெளியானது. குடும்பத்தாருக்குப் புனர்வாழ்வுப் பயிற்சி கற்றுக்கொடுத்து அனுப்பினார்கள். ஆறு மாதத்தில் இறப்பிலோ பிறரைச் சார்ந்திருப்பதிலோ வித்தியாசம் வரவில்லை. அது சி.ஐ. தெரபி இல்லை, மொத்தப் பராமரிப்பு. இருந்தாலும் குடும்பத்தை நம் இடத்தில் உட்கார வைத்துவிட முடியாது என்று நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

குடும்பத்துக்கு நான் கொடுக்கும் வேலை இரண்டே இரண்டு: சாட்சி சொல்வது, உதவாமல் இருப்பது. இரண்டாவதுதான் கஷ்டம். மாமியார் சட்டைப் பொத்தானோடு ஐந்து நிமிடம் போராடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கும் மருமகளைப் பக்கத்து வீடு என்ன சொல்லும்? அதனால் ‘உதவாதீங்கன்னு நான்தான் சொல்லியிருக்கேன்’ என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவேன். பழி நம்மேல் இருக்கட்டும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகும் பிசியோதெரபிஸ்டுகள் என் பேட்சில் இருந்தால், இந்த இடத்தில் அவர்கள்தான் எனக்குப் பாடம் எடுப்பார்கள்.

14. சர்டிஃபிகேட் எப்ப குடுப்பீங்க?

கடைசி நாளில் கிடைக்காது. பயிற்சியில் முதலில் நீங்களே ஒரு முழு நாள் உங்கள் நல்ல கையில் உறை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். டூவீலர் ஓட்டக் கூடாது, பஸ்ஸில் போங்கள். அடுத்து, உல்ஃப் சோதனையின் வீடியோக்களைப் பார்த்து மார்க் போட வேண்டும். 15 வேலைகளுக்கு நேரம், 2 வலிமைச் சோதனை. 120 நொடியில் முடியாவிட்டால் முடியவில்லை என்றே குறிக்க வேண்டும், ‘கிட்டத்தட்ட முடிச்சிட்டார்’ என்பது கிடையாது. உங்கள் மார்க்கும் பக்கத்தில் இருப்பவர் மார்க்கும் ஒத்துப்போகும்வரை திரும்பத் திரும்பப் பார்ப்போம்.

பிறகு உங்கள் ஊரில் ஒரு நோயாளிக்கு ஒப்பந்தத்திலிருந்து டைரி வரை முழுதாகச் செய்து, ஷேப்பிங் வீடியோவும் டைரியின் நகலும் அனுப்ப வேண்டும், பெயரையும் முகத்தையும் மறைத்து, அவர் சம்மதத்தோடு. டைரியைத்தான் நான் முதலில் பார்ப்பேன். பதினான்கு நாளும் ஒரே மை, ஒரே கையெழுத்து, ஒரு கறைகூட இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

15. ரெண்டு வாரம் நல்லா இருந்தார், மூணு மாசத்துல பழையபடி ஆயிட்டார். என் தப்பா?

தொலைபேசியில் கூப்பிட்டீர்களா? முதல் மாதம் வாரம் ஒரு தடவை, பிறகு மாதம் ஒரு தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘எப்படி இருக்கீங்க’ என்று ஆரம்பித்தால் ‘உங்க புண்ணியத்துல நல்லா இருக்கேன்’ என்று முடிந்துவிடும். டைரியைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் கடைசி வாரத்தில் வாதக் கையால் செய்த ஐந்து வேலைகளை 10ஆம் பதிலில் சொன்ன மாதிரி ஒவ்வொன்றாகக் கேளுங்கள். இரண்டு நின்றுபோயிருந்தால் ஏன் என்று பாருங்கள். பெரும்பாலும் சின்னக் காரணம்தான்: பூட்டு மாறியிருக்கும், தோளில் வலி வந்திருக்கும், மகள் ஊரிலிருந்து வந்து எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பாள். தோள் வலி என்றால் போனில் தீர்க்காமல் நேரில் வரச் சொல்லுங்கள். முகம் கொடுத்துப் பேசாமல் ஒற்றை வார்த்தையில் முடித்தால், மனச்சோர்வா என்று டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.

தேவைப்பட்டால் சில நாள் வரவழைத்து மறுபடி செய்யலாம். அந்தக் கண்டக்டரையும் அப்படித்தான் மறுபடி வரச் சொன்னேன், இந்தத் தடவை மனைவியையும் ஒப்பந்தத்தையும் சேர்த்து. பாக்கெட் இல்லாத ஜிப்பா போட்டுக்கொண்டு வந்தார். மனைவி தைத்ததாம்.